பத்தொன்பதும் இருபத்துமூன்றும்

இருபத்துமூன்று வயதிலேயே ஒருவனுக்கு முதியவன் என்று பெயர் சூட்டிவிடும் தொழில் இவ்வுலகில் உண்டோ என்று கேட்டால், உண்டு என்றே சொல்லவேண்டும். வைத்தியத் துறையை நாடியவன் அவ்வயதில் இன்னும் மாணவன். சட்டம் பயின்றவன் அப்போதுதான் தன் முதல் வழக்கை எதிர்பார்த்திருப்பான். ஆயின் ஐக்கிய அமெரிக்காவிலே, சர்வகலாசாலைக் கூடைப்பந்தாட்டத்திற் பெயர் பெற்ற இளைஞன் ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாக விரும்பி 23 வயதில் முன்வந்து நின்றால், “திறமைசாலிதான், ஆனால் வயது சென்றுவிட்டதே” என்கிறார்கள். அவன் அருகில் நிற்கும் 19 வயதுப் பையன் இன்றைய ஆட்டத்தில் அவனுக்கு இளைத்தவனாயினும், தெரிவிலே முந்திக்கொள்கிறான். இதற்குக் காரணம் யாது? அக்காரணம் எவ்வளவு தூரம் செல்லும்?

தெரிவு நடைபெறும் விதம்

அந்நாட்டில் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் முதன்மையான அமைப்பு, என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம். அதில் 30 அணிகள் உள்ளன. வழக்கமாக ஜூன் மாதத்தில் ‘டிராப்ட்’ என்னும் வீரர் தெரிவு நடைபெறும். முந்திய பருவத்திற் பின்தங்கிய அணிகளுக்கு முற்பட்ட வாய்ப்பு. அவற்றுள்ளும் முதலிடங்களைத் திருவுளச்சீட்டே தீர்மானிக்கும். இரண்டு சுற்றுடன் காரியம் முடிந்துவிடும்.

முதற் சுற்றிலே தெரிவானவனுக்கு நான்காண்டு வரை நீளக்கூடிய ஒப்பந்தம் கிடைக்கும். முதலிரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதியானது; பின்னிரண்டு ஆண்டும் அணியின் விருப்பத்தைப் பொறுத்தவை. இரண்டாஞ் சுற்றில் விழுந்தவனுக்கோ அத்தகைய உறுதி இல்லை. ஆகவே வரிசையிலே சில இடங்கள் கீழிறங்குவது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. பல வீடுகளில் அது தாய் தந்தையரின் கடனையும் தம்பி தங்கையரின் படிப்பையும் தொடும் பிரச்சினை.

இளமைக்கு ஏன் விலை?

அணிகள் வாங்குவது இன்றைய ஆட்டத்தை அன்று, வரப்போகும் ஆண்டுகளை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தன்னைவிட மூன்று நான்கு ஆண்டு மூத்தவர்களுக்கெதிராக ஓர் ஆட்டத்தில் 20 புள்ளி பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் தோளும் தொடையும் இன்னும் முற்றவில்லை. முற்றிய பின் இதனினும் மேலாக ஆடுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இருபத்துமூன்று வயதினன் அதே 20 புள்ளியைத் தன்னினும் இளையவர்களுக்கெதிராகப் பெறும்போது வேறொரு கேள்வி எழுகிறது: இதில் திறமையின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு? விளையும் பயிரை முளையிலே காண விரும்புகிறவர்கள், விளைந்து நிற்பதைப் பார்த்து, இதற்கு மேல் என்ன வளரப்போகிறது என்கிறார்கள்.

ஒப்பந்தக் கணக்கும் இதனோடு சேர்கிறது. பத்தொன்பதில் வந்தவனின் முதல் ஒப்பந்தம் 23 வயதில் முடியும். அவனது சிறந்த ஆண்டுகள் அதன் பின்னரே வரும். இருபத்துமூன்றில் வந்தவனின் ஒப்பந்தம் முடியும்போது அவனுக்கு வயது 27. பெருஞ் சம்பளம் கொடுத்து அவனை மீண்டும் அமர்த்தினால், ஏறுமுகத்திற்கு அன்றி இறங்குமுகத்திற்கே பணங்கொடுக்க நேருமோ என்று அணி அஞ்சுகிறது.

ஆட்டக்காரன் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஒருவனுக்குக் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளம் அவன் சேவையாண்டுகளைப் பொறுத்து உயர்கிறது. ஆறாண்டு வரை சேவை செய்தவனுக்கு அணியின் சம்பள வரம்பில் 25 வீதம். ஏழு முதல் ஒன்பது ஆண்டு வரை 30 வீதம். பத்தாண்டு நிறைந்தால் 35 வீதம். பத்தொன்பதில் தொடங்கியவன் 29 வயதில் அந்த மேற்படியை எட்டலாம். இருபத்துமூன்றில் தொடங்கியவன் எட்டும்போது அவனுக்கு வயது 33. அதற்குள் முழங்கால் தளர்ந்திருக்கவும் கூடும்.

சட்டமும் வறுமையும்

முற்காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. உயர்தரப் பாடசாலையை விட்டு நான்காண்டு கழியுமுன் எவனும் என்.பி.ஏ.யில் ஆடலாகாது என்பது விதி. அவ்விதியை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவூட். மிசிசிப்பியின் பருத்தி வயல்களிற் கூலி வேலை செய்த ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற அணியில் ஆடினார். மறு ஆண்டில் படிப்பை இடைநிறுத்திப் போட்டிச் சங்கமொன்றிற் சேர்ந்தார். பின்னர் என்.பி.ஏ.யின் சியாற்றில் அணி அவரை அமர்த்தியபோது வழக்கு எழுந்தது. அவர் தொடர்ந்து ஆடலாம் என்ற கீழ் நீதிமன்றக் கட்டளையை 1971 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. அதன் பின் வழக்கு சமரசத்தில் முடிந்தது. முதலில், வறுமையை எடுத்துக் காட்டியவர்கள் முன்கூட்டியே வரலாம் என்றார்கள். 1976இல் அந்த நிபந்தனையும் நீங்கிற்று.

கதவு திறந்ததும் பாடசாலைப் பையன்களே நேராக வந்தார்கள். 1995இல் கெவின் கார்னெற், 1996இல் 17 வயதுக் கோபி பிறையன்ற், 2003இல் லெபிரோன் ஜேம்ஸ் ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள். 2005இல் சங்கமும் ஆட்டக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அக்கதவைப் பாதி சாத்தியது. தெரிவு நடக்கும் ஆண்டிலே 19 வயது நிறையவேண்டும். அந்நாட்டுப் பாடசாலையில் பயின்றவனாயின், பாடசாலையை விட்டு ஓராண்டேனும் கழியவேண்டும் என்று விதித்தார்கள். அதனால் சிறந்த பையன்கள் பலர் ஓராண்டு மாத்திரம் சர்வகலாசாலையில் தங்கிச் செல்லும் வழக்கம் பிறந்தது. 2025இல் முதலிடத்தில் தெரிவான கூப்பர் பிளாக் பாடசாலைப் படிப்பை ஓராண்டு முன்னதாகவே முடித்து, 18 வயதில் அவ்விடத்தைப் பெற்றார்.

கணக்கும் மனிதனும்

இனி 2016ஆம் ஆண்டுத் தெரிவை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று இடங்களையும் பெற்ற பென் சிமன்ஸ், பிரண்டன் இங்கிறாம், ஜெயிலன் பிறவுண் மூவரும் 18, 19 வயதினர். ஓராண்டே கல்லூரியில் ஆடியவர்கள். வேர்ஜீனியா சர்வகலாசாலையில் ஐந்தாண்டு இருந்து, பொதுக் கொள்கைத் துறையில் முதுமாணிப் பட்டமும் பெற்ற மல்கம் புறொக்டனுக்கு அப்போது வயது 23. அவரை 36ஆம் இடத்திலேதான் எடுத்தார்கள். மறு ஆண்டு, புதியவர்களுட் சிறந்தவர் என்ற விருதைப் பெற்றவர் அந்தப் புறொக்டனே.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை இனிமையாக இருக்கும்; ஆனால் உண்மை பாதியாகிவிடும். பிறவுண் 2024இல் பொஸ்ரன் அணி வாகை சூடியபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். புறொக்டன் 2025 ஒக்ரோபரில், 32 வயதில், ஓய்வை அறிவித்தார். நெடுங்காலத்தை எண்ணிப் போட்ட அணிகளின் கணக்கு முற்றும் பிழை அன்று. எனினும் இளமை மாத்திரம் எதையும் உறுதி செய்துவிடுவதும் இல்லை. கல்லூரியில் ஓராண்டே ஆடிய அந்தனி பெனற்றை 2013இல் கிளீவ்லண்ட் அணி முதலிடத்தில் எடுத்தது. அவர் நான்கு அணிகளுக்கு மாறி, 2017இன் பின் என்.பி.ஏ. களத்திலேயே காணப்படவில்லை. பிஞ்சிலே வெம்பும் கனியும் உண்டு.

காத்திருந்தும் கெடாதவர் ரிம் டங்கன். சாந்த குறூஸ் தீவிற் பிறந்த அவர், பட்டம் பெறுவதாகத் தம் தாய்க்கு வாக்களித்திருந்தார். அவருக்குப் 14 வயது நிறையுமுன்னரே தாய் இறந்துவிட்டார். பெருஞ் சம்பளம் காத்திருந்தபோதும் நான்காண்டும் படித்து முடித்து, 1997இல் 21 வயதில் முதலிடம் பெற்றார். சான் அன்ரோனியோ அணிக்கு ஐந்து முறை வாகை தேடித் தந்தார். ஆனால் அத்தகைய உயரமும் திறமையும் வாய்த்தவனே அச்சமின்றிக் காத்திருக்கலாம். நடுத்தரத் திறமையுள்ளவனுக்கு ஒவ்வோராண்டும் இருபுறமும் வெட்டும் வாள்.

அந்த வாளின் கூர்மை அண்மையிற் சிறிது மழுங்கியிருக்கிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயராலும் உருவத்தாலும் பணம் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். 2025இல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணங்கொடுக்கவும் வழி பிறந்தது. வறுமைக்காக அவசரப்பட்டு ஓடவேண்டிய தேவை பலருக்குக் குறைந்துள்ளது. ஆனால் தங்குவதற்குக் கூலி கிடைத்தாலும், தங்கியதால் ஏறும் வயதை எவரும் குறைத்துத் தரமாட்டார்கள்.

ஒருவனுக்கு இன்னும் எத்தனை ஆண்டு மீதமுண்டு என்பதை வயது சொல்லும். அந்த ஆண்டுகளை அவன் என்ன செய்வான் என்பதை அது சொல்வதில்லை. தெரிவுசெய்யும் அணிக்கு ஆண்டுதோறும் புதிய தெரிவு வரும். பிழைத்தால் அடுத்த ஆண்டில் திருத்திக்கொள்ளலாம். போவதா நிற்பதா என்று பத்தொன்பதாம் வயதில் முடிவுசெய்யவேண்டிய பையனுக்கோ வாழ்வில் ஒரே ஒரு தெரிவுதான். அவனுக்கு வயதுக் கணக்கை மறைக்காமல் எடுத்துச் சொல்வதும், அக்கணக்கே அவனல்லன் என்று உடன் சொல்வதும், அவனுக்குப் பெரியோராக நிற்பவர்களின் கடமையாகும்.