சுருங்க மறந்த இரத்தக் குழாய்கள்

சி.டி. ஸ்கேன் படத்தில் நலமான நுரையீரல் கறுப்பாகத் தெரியும். காற்று எக்ஸ் கதிர்களைத் தடுக்காததால் உண்டாகும் அக்கறுப்பின் நடுவே இரத்தக் குழாய்கள் மட்டும் வெண்ணிறக் கிளைகளாகப் பிரிந்து, விளிம்பை நெருங்க நெருங்க மெலிந்து, மார்புச் சுவரை எட்டும் முன்பே மறைந்துவிடும். வைரஸ் நிமோனியாவில், காற்று நுண்ணறைகளின் சுவர்கள் வீங்கி உள்ளே நீர் கசிவதால், அங்கங்கே சாம்பல் நிறத் திரை படிகிறது. திரையினூடே குழாய்கள் தெரிந்தால் கதிரியல் மருத்துவர்கள் அதனைக் 'கிரவுண்ட் கிளாஸ்' என்பர்.

சீனாவின் ஹூனான் மாகாணத்திலும் அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலும் எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு, நுரையீரல் இரத்தக் குழாய்கள் தடித்திருந்த நிலையைக் கோவிட் நோயாளிகளில் 59 விழுக்காட்டினரிடமும் பிற வைரஸ் நிமோனியா நோயாளிகளில் 22 விழுக்காட்டினரிடமும் கண்டது. இதைக் கொண்டு மட்டும் கோவிட் என முடிவுகட்ட இயலாது. கோவிட் நோயாளிகளிலேயே நூற்றில் நாற்பத்தொரு பேரிடம் அத்தடிப்பே இல்லை. ஆயினும், தடிப்பு ஏன் நேர்கிறது என்பது கண்டறிதலைவிடச் சுவையான கேள்வி.

ஏனெனில் நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. நுரையீரலின் ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் குறைந்தால் அப்பகுதிக்குச் செல்லும் சிறுதமனிகள் சுருங்கி, விளையாத வயலின் மடையை அடைப்பதுபோல, இரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடும் என்பதைச் சுவீடனின் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் ஆராய்ந்து 1946இல் விளக்கினர். கோவிட் நிமோனியாவில் இந்தச் சுருங்கும் இயல்பு குலைந்து குழாய்கள் விரிந்தே இருப்பதால், காற்றில்லாத நுண்ணறைகளை ஒட்டியும் இரத்தம் ஓடி, ஆக்சிஜன் பெறாமலேயே இதயத்துக்குத் திரும்புகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். படத்தில் தெரியும் நோயின் பரப்புக்குப் பொருந்தாத அளவில் சிலருக்கு ஆக்சிஜன் சரிந்ததற்கு அது ஒரு காரணமாகலாம்.

தடிப்புக்கு மற்றொரு காரணம் உறைகட்டியாகலாம். கோவிட்டால் இறந்த 7 பேரின் நுரையீரல்களை எச்1என்1 காய்ச்சலால் இறந்த 7 பேரின் நுரையீரல்களோடு ஒப்பிட்டபோது, நுண்ணறைகளைச் சூழ்ந்த தந்துகிகளில் நுண்ணிய உறைகட்டிகள் 9 மடங்கு மிகுந்திருந்தன. ஆனால் தந்துகியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது, சி.டி. கருவியோ அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பிரித்துக் காட்டத் தடுமாறும். ஆகவே படத்தில் தடித்துத் தெரிவது உறைகட்டி அடைத்த குழாய் அன்று, அதற்கு மேலுள்ள பெரிய கிளையே. பெரிய கிளையிலேயே உறைகட்டி இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் சாதாரண ஸ்கேன் போதாது. அயோடின் கலந்த மருந்தைச் சிரைவழிச் செலுத்தி, அது நுரையீரல் தமனியை நிறைக்கும் நொடியில் படம் எடுத்தால், வெண்மையாக ஒளிரும் குழாயினுள் உறைகட்டி கறுத்த இடைவெளியாகத் தென்படும்.