கடல் கடந்து செல்லும் தாதியர்

பெரம்பலூர் ஜில்லாவின் கரிசல் பூமியில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. அரியலூர் ஜில்லாவில் சுண்ணாம்புக்கல்லும் முந்திரியும் ஜனங்களுக்குச் சோறு போடுகின்றன. மழை பொய்த்தால் கடன். கடன் முற்றினால் பிரயாணம். 1995-க்கு முன் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்திருந்த இப்பகுதியிலிருந்து ஆண் மக்கள் வளைகுடா நாடுகளுக்குச் செல்வது பழைய வழக்கம். பள்ளிப் படிப்பை முடித்த பெண் ஒருத்தி நர்ஸ் தொழில் பயில ஜெர்மனிக்குச் செல்ல எண்ணுவதே புதிய விஷயம். வயது வந்த பெண்ணைத் தனியே அந்நிய நாட்டுக்கு அனுப்புவது அபாயம் என்று ஒரு சாரார் தடுக்கின்றனர். யூரோ கணக்கைக் காட்டி, நிலத்தை ஈடு வைத்தாவது அனுப்புங்கள் என்று மற்றொரு சாரார் தூண்டுகின்றனர். இருவரும் அப்பெண்ணின் நிலையை அறிந்து பேசவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

அவள் எதற்குச் செல்கிறாள் என்பதை முதலில் அறிவோம். ஜெர்மனியில் 2020 ஜனவரி 1 முதல் அமலிலுள்ள சட்டப்படி நர்ஸ் பயிற்சி மூன்றாண்டு. பள்ளியில் குறைந்தது 2,100 மணி நேரமும், ஆஸ்பத்திரியிலும் முதியோர் விடுதியிலும் பிறவிடங்களிலும் 2,500 மணி நேரமும் அவள் பயில வேண்டும். பள்ளிக்கு அவள் சம்பளம் கட்டுவதில்லை. பயிற்சி தரும் ஸ்தாபனமே மாதந்தோறும் அவளுக்கு உதவித்தொகை தருகிறது. இதைப் படிப்பென்றும் சொல்லலாம், உத்தியோகம் என்றும் சொல்லலாம். அதில்தான் அவளுடைய நன்மையும் இருக்கிறது, இன்னலும் இருக்கிறது.

இன்னலில் முதன்மையானது பாஷை. பரீட்சையில் தேறுவதற்கான ஜெர்மன் வேறு. நள்ளிரவில் வலியால் துடிக்கும் கிழவர் தம் வட்டார வழக்கில் முணுமுணுக்கும் ஜெர்மன் வேறு. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண், முறை மாறும் வேளையில் ரோகிகளின் நிலையை அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்க வாய் வராமல் நிற்கிறாள். மார்கழி மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வேலை முடிந்து தனி அறைக்குத் திரும்பி, வீட்டாரோடு பேசும்போது எல்லாம் சௌக்கியம் என்கிறாள். கடன் வாங்கி அனுப்பிய தகப்பனாரிடம் வேறென்ன சொல்வாள்?

இரண்டாவது இன்னலை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. நமது ஆஸ்பத்திரிகளில் ரோகியைக் குளிப்பாட்டுவதும், சோறூட்டுவதும், மலஜலம் எடுப்பதும் பெரும்பாலும் உடன் இருக்கும் உறவினரின் வேலை அல்லது ஆயாவின் வேலை. ஜெர்மனியில் அதுவே நர்ஸின் முதற் கடமை. ஊசி போடும் உத்தியோகத்தை எதிர்பார்த்துச் சென்றவள், முதல் வாரத்திலேயே எண்பது வயதுக் கிழவியின் உடம்பைத் துடைத்துவிட நேரும்போது, இதற்காகவா கடல் கடந்தோம் என்று மனம் குன்றுகிறாள். குற்றம் அவளுடையதன்று. கையால் செய்யும் சேவையை இழிதொழில் என்று எண்ணும்படி அவளை வளர்த்தது நாம். ஜாதியின் பெயரால் தொடத்தகாத உடம்பு என்றும் செய்யத்தகாத வேலை என்றும் வகுத்து வைத்த சமூகம், தாதியை மதித்திருக்க முடியாது. கிழவியின் முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் சாஸ்திரீய சிகிச்சையே என்று அவள் அங்கே கற்றுக்கொள்கிறாள். யூரோவைக் காட்டிலும் இந்தப் பாடமே பெரிய சம்பாத்தியம் என்போம்.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். 1960-களில் கத்தோலிக்க ஸ்தாபனங்களின் மூலம் ஆயிரக்கணக்கான கேரளப் பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குத் தாதிப் பயிற்சிக்குச் சென்றார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. 1970-களின் பிற்பகுதியில் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும், அவர்களில் பலருக்குத் தங்கும் அனுமதி நீட்டிக்கப்படவில்லை. அந்நிய நாடு நம் பெண்களை அழைப்பது தன் தேவைக்காக. தேவை தீர்ந்தால் அழைப்பும் தீரும். 2023-இல் உலகில் 58 லட்சம் நர்ஸுகள் குறைவு என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. தேவை இன்று பெரிது. ஆகவே பேரம் பேசும் வல்லமையும் இன்று நம்முடையது.

அந்த வல்லமையைத் தரகர் கையில் ஒப்படைக்கலாகாது. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு பதிவு பெற்றிருக்க வேண்டும், கூலியாக ரூ.30,000-மும் அதற்குரிய வரியும் தவிர வேறு வாங்கலாகாது. இவள் வேலைக்குப் போகவில்லை, படிக்கப் போகிறாள் என்று சொல்லி இவ்வரம்பைத் தாண்டுவோர் உண்டு. இடையில் விலகினால் செலவனைத்தையும் திருப்பித் தரவேண்டும் என்னும் ஷரத்தை அந்நிய பாஷை ஒப்பந்தத்தில் புதைத்து வைப்போரும் உண்டு. வாசித்து அறியாத பத்திரத்தில் கையெழுத்திடாதே என்று கட்சிக்காரனுக்குச் சொல்வது வக்கீலின் முதல் தர்மம். பெற்றோருக்கு நாம் சொல்வதும் அதுவே.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1946-இல் போர் கமிட்டி இத்தேசத்தில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்கிட்டது. பிரிட்டனிலோ 300 பேருக்கு ஒருவர். இன்று நர்ஸிங் பள்ளிகள் பெருகிவிட்டன. அரியலூரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் 2015-இல் நமது சர்க்கார் தொகுப்பூதியத்தில் நியமித்த நர்ஸுகளுக்கு மாதம் ரூ.7,700 கொடுத்தது; அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராட நேர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரி எவ்வளவு சிறிதாயினும் நர்ஸுக்கு ரூ.20,000-க்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2016-இல் நிபுணர் குழு ஒன்று சொல்லியது. சொல்லிய யோசனை சட்டமானாலன்றிச் சம்பளமாகாது. வீட்டில் பட்டினி போட்டுவிட்டு, பெண் வெளியே போகிறாளே என்று அழுவதில் என்ன நியாயம்?

நாம் கேட்பவை நான்கு. சென்னையில் 1978 முதல் நடக்கும் சர்க்காரின் அயல்நாட்டு மனிதவளக் கழகம் அளிக்கும் ஜெர்மன் பாஷைப் பயிற்சி, இவ்விரு ஜில்லாக்களின் ஒவ்வொரு நர்ஸிங் பள்ளி வாசலுக்கும் வரட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்து விளக்கிய பின்னரே கையெழுத்து என்பது விதியாகட்டும். அங்கே பயின்று திரும்புகிறவள் இங்கே நர்ஸாகப் பதிவு பெறும் வழி எளிதாகட்டும். உள்ளூர் ஆஸ்பத்திரியில் அவள் கௌரவமாய் ஜீவிக்கும் சம்பளம் சட்டமாகட்டும்.

போகிறவளைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. அவள் கடனுக்கு அஞ்சி ஓடாமல் தன் விருப்பத்தால் செல்லவும், திரும்ப எண்ணும் நாளில் வாசல் திறந்திருக்கவும் செய்வது நமது கடமை. ஊருக்கு ஊர் கூட்டம் போடும் நண்பர்கள், அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, தங்கள் சட்டசபை அங்கத்தினரின் கையில் கொடுப்பார்களா?