ஒரு தெருவே சேர்ந்து செய்யும் பூட்டு!

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகு, திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? 'நல்லா இழுத்துப் பாத்தியா?' என்று பஸ் ஏறிய பிறகும் கேட்கிற அம்மாக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் இருந்தது: 'அட, அது திண்டுக்கல் பூட்டு!'

திண்டுக்கல் என்றால் இப்போது பலருக்கும் சீரக சம்பா பிரியாணிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால், பிரியாணிக்கு முன்பே அந்த ஊரின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது பூட்டுதான். 2019-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பேரும் புகழும் இருக்கிறது. பட்டறைகளில் அரம் பிடிக்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஏன் இப்படி?

பாறையும் பட்டறையும்

ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் திண்டுக்கல்லில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெரிய மொட்டைப் பாறைதான். திண்டு போல இருக்கும் கல் என்பதால் 'திண்டுக்கல்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதன் மேல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கோட்டை கட்டத் தொடங்கினார். 1755-ல் மைசூர்ப் படையின் சார்பில் ஹைதர் அலி இங்கே பொறுப்புக்கு வந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் காலத்தில் நடந்த போருக்குப் பிறகு, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது.

கோட்டை மேலே இருக்க, பிழைப்பு எல்லாம் கீழேதான். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை. நடுவில் இருக்கும் சமவெளி வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்பி உட்கார முடியாத இந்த வட்டாரத்தில் கைத்தொழில்கள் வேர்விட்டன. தோல் பதனிடுதல், சுருட்டு, பக்கத்தில் சின்னாளபட்டியில் நெசவு என்று ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு தொழிலைப் பிடித்துக்கொண்டது. 1875-ல் திருச்சியையும் மதுரையையும் இணைக்கும் ரயில் பாதை இந்த ஊர் வழியாக வந்தது. சரக்கு வெளியூர் போக வழி பிறந்தது.

இந்த வரிசையில் வந்ததுதான் பூட்டு. ஏறக்குறைய 150 ஆண்டு காலத் தொழில் என்கிறார்கள். நாகல்நகர், நல்லாம்பட்டி, அடியனூத்து, யாகப்பன்பட்டி, குரும்பப்பட்டி, பாறைப்பட்டி என நகரத்தை ஒட்டிய சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே இது பரவியது. பெரிய புகைபோக்கி, சங்கு ஊதும் ஆலை என்று எதுவும் கிடையாது. வீட்டுத் திண்ணை, கொல்லைப்புறம், ஓட்டுக் கொட்டகை இவைதான் தொழிற்சாலை.

பல கை பட்ட பூட்டு

திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம். இரும்புத் தகடும் பித்தளையும் சேர்ந்த கனம் அது. உள்ளே இருப்பது 'லீவர்' எனப்படும் சின்னச் சின்னத் தகடுகள். சாவியைத் திருப்பும்போது அதன் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரையும் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லா லீவர்களும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நின்றால்தான் தாழ் நகரும். ஒன்று ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் பூட்டு அசையாது. லீவர் கூடக் கூட, பூட்டைத் திறப்பது திருடனுக்குக் கஷ்டம். அதைச் செய்வது தொழிலாளிக்குக் கஷ்டம்.

இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வரும் பூட்டுகளில், ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்திவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. கையால் செய்யும்போது, சாவியையும் லீவரையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்துப் பார்த்து அரத்தால் அராவுகிறார்கள். அந்தச் சாவிக்கு அந்தப் பூட்டு, அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி. திண்டுக்கல் பூட்டின் பேருக்கு அடிப்படை இந்தக் கைப்பக்குவம்தான்.

இதை ஒரே ஆள் உட்கார்ந்து முடிப்பதில்லை. தகடு வெட்டி வளைப்பது ஓர் இடம், பித்தளைப் பாகங்கள் தயாராவது ஓர் இடம், சாவி அராவுவது இன்னொரு வீடு, ரிவிட் அடித்து மூடுவது வேறொருவர், மெருகு போடுவது மற்றொருவர். கூலி உருப்படிக் கணக்கு. காலையில் ஒரு வீட்டில் வெறும் தகடாகக் கிளம்புவது, நாலைந்து வாசல் ஏறி இறங்கித்தான் பூட்டாகிறது. ஒரு பூட்டை ஒரு தெருவே சேர்ந்து செய்கிறது என்றால் அது மிகையில்லை.

மாங்காய் முதல் மணி வரை

இந்தப் பட்டறைகளில் பிறந்த பூட்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ரொம்பப் பிரபலமானது, அடி குறுகி மேலே அகன்று மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு. சதுரப் பூட்டு, வட்டப் பூட்டு, பெட்டிப் பூட்டு, இழுப்பறைப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கடை ஷட்டருக்கான பூட்டு என்று தேவைக்கேற்ற ரகங்கள் இருக்கின்றன. கோயில் கதவுகளுக்கென்று இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ராட்சதப் பூட்டுகளும் செய்கிறார்கள். கோயில்களும் கிட்டங்கிகளும் இன்றைக்கும் தேடி வருவது இந்தக் கனத்துக்காகத்தான்.

குறும்பு பிடித்த பூட்டுகளும் உண்டு. மணிப்பூட்டில் சாவியைத் திருப்பினால் 'டிங்' என்று சத்தம் கேட்கும். ராத்திரியில் யாராவது கைவைத்தால் வீடே விழித்துக்கொள்ளும். 'ட்ரிக் லாக்' என்பதில் சாவி கையில் இருந்தாலும் சூட்சுமம் தெரியாமல் திறக்க முடியாது.

'சாவி' என்பதே நம்மூர்ச் சொல் இல்லை என்பது தெரியுமா? அது போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது. 'அலமாரி'யும் அப்படித்தான். ஆனால் சாவிக்கொத்து நம் குடும்பங்களில் பிடித்த இடம் பெரியது. மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்குக் கொத்துச்சாவி மாறும் நாளில்தான் வீட்டுப் பொறுப்பும் மாறும்.

எங்கே சறுக்கியது?

உத்தரப்பிரதேசத்தின் அலிகர் நகரமும் பூட்டுக்குப் பேர்போனதுதான். அங்கிருந்து இயந்திரத்தில் தயாரான பூட்டுகள் குறைந்த விலையில், பளபளப்பாக, லாரி லாரியாக வந்து இறங்கின. ஒருவர் நாள் முழுக்க அராவிச் செய்வதை இயந்திரம் சில நிமிடங்களில் முடித்துவிடும். இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால், அவசரத்தில் வாங்குகிறவர் விலையைத்தான் பார்ப்பார்.

இரும்பு விலையும் பித்தளை விலையும் ஏறும்போது உருப்படிக் கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. கை தேற வருடக்கணக்கில் ஆகும். அந்த வருடங்களில் ஒரு பையன் மில்லுக்கோ திருப்பூருக்கோ போனால் மாதம் பிறந்ததும் சம்பளம் வரும். அப்பா அரம் பிடித்த கையால், மகன் மோட்டார்பைக் சாவியைத்தான் பிடிக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

பல கை சேர்ந்து செய்யும் தொழிலுக்கு உள்ள பலவீனமும் இதுதான். சாவி அராவும் வீடு கதவைச் சாத்திவிட்டால், தகடு வெட்டுகிறவருக்கும் ரிவிட் அடிக்கிறவருக்கும் வேலை நிற்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை பலமாக இருந்தும் பயனில்லை. ஒரு நல்ல கைவினைஞருக்கு விருது கொடுத்துவிட்டால் பூட்டுத் தொழில் பிழைத்துவிடாது. தெரு மொத்தமும் பிழைக்க வேண்டும்.

குறியீடு என்ன செய்யும்?

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம்தான் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தது. அதே 2019-ல், இதே மாவட்டத்தின் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் குறியீடு கிடைத்தது. சிறுமலை, விருப்பாட்சி மலைவாழைப் பழங்கள் அதற்கு முன்பே பெற்றுவிட்டன.

1999-ம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஊரில் செய்த பூட்டைத் 'திண்டுக்கல் பூட்டு' என்று சொல்லி விற்பது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால், பதிவு 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சங்கம் குறியீடு வாங்கிவிட்டால் போதாது. செய்கிற ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிந்துகொண்டால்தான் முழுப் பலனும் அவர் கைக்கு வரும். குறியீடு பெயரைக் காக்கும். கூலியைக் கூட்ட, வாங்குகிறவர் மனசு வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு 'பூட்டூர்'

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்குப் பக்கத்தில் வில்லன்ஹால் என்று ஓர் ஊர். அங்கேயும் வீட்டுக்குப் பின்னால் பட்டறை, குடும்பமே தொழிலாளி. நாள் முழுக்கக் குனிந்து அராவியதில் பலருக்கும் முதுகு கூன் விழுந்துவிட்டதால், அந்த ஊருக்கே 'ஹம்ப்ஷயர்', அதாவது 'கூன் சீமை' என்று பட்டப்பெயர் வந்தது. இன்று அந்த ஊரின் பூட்டுத் தொழிலாளி வீடு ஒன்று அருங்காட்சியகம். பட்டறை, கருவி, அடுப்பு எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். அரம் ஓடும் சத்தம் மட்டும் இல்லை.

நாகல்நகர்ப் பக்கம் அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. அது கேட்கும்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கோயில்கள், பள்ளிகள், அரசு அலுவலகங்களுக்கு வாங்கும் பூட்டில் ஒரு பங்கை இங்கிருந்து எடுக்கலாம். ஐ.டி.ஐ. மாணவர்களைக் கூலியோடு பட்டறையில் பழக விடலாம். கனமான வேலைகளுக்குச் சின்ன இயந்திரம் வைத்துக்கொண்டு, லீவரும் சாவியும் பொருத்துவதை மட்டும் கைக்கு விட்டுவிடலாம்.

வாங்கும்போது கவனியுங்கள்

* 'திண்டுக்கல் பூட்டா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பட்டறையில் செய்தது, எத்தனை லீவர் என்றும் கேளுங்கள்.

* கொடுக்கும் எல்லாச் சாவிகளையும் போட்டு, நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். சிக்காமல் திரும்ப வேண்டும்.

* தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து லீவர் ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவி நாலு முறை திருப்பினால் போதும்.

* சிக்கிய சாவியைக் குறடு போட்டுத் திருகாதீர்கள். சாவி தொலைந்தாலும் பூட்டை உடைக்க அவசரப்பட வேண்டாம். விவரம் தெரிந்த தொழிலாளி பூட்டைப் பிரித்துப் புதுச் சாவி அராவித் தருவார்.

* 'திறக்கவே முடியாத பூட்டு' என்று எதுவும் இல்லை. இங்கிலாந்தின் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற லீவர் பூட்டையே, 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். நல்ல பூட்டு திருடனின் நேரத்தைத் தின்னும். அதுதான் அதன் வேலை.

மலைக்கோட்டையைப் பார்க்கத் திண்டுக்கல் போகிறவர்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாமல் நாகல்நகர்ப் பக்கமும் ஒரு நடை போய்வரலாம். திரும்பும்போது பையில் ஒரு மாங்காய்ப் பூட்டு இருந்தால், உங்கள் வீட்டுக் கதவோடு ஒரு தெருவின் அடுப்புக்கும் அது காவலாக இருக்கும்.