தடுப்பூசி பெற்ற மருத்துவ ஊழியருக்கும் தொற்று ஏற்பட்டது ஏன்?

"ஊசி போட்டுக்கொண்ட பின்னரும் காய்ச்சல் வந்துவிட்டதே, பின் ஊசியினால் பயன் யாது?" இக்கேள்வியைக் கேளாத களப் பணியாளரும் ஆசிரியரும் அரியர். மருத்துவமனை ஊழியரிடையே 2021-ஆம் ஆண்டில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் இதற்குத் தக்க விடை அளிக்கின்றன.

நமது நாட்டில் கொரோனாத் தடுப்பூசி 2021 ஜனவரி 16-ஆம் தேதி முதல் மருத்துவ ஊழியருக்கே முதற்கண் இடப்பட்டது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தது. அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தது 'டெல்ட்டா' என்னும் மாறுபட்ட வைரஸ் ஆகும்.

இவ்வைரஸ் தன் மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதத்தைக் கொண்டே நமது உடலணுவைப் பற்றுகிறது. தடுப்பூசி இம்முள்ளின் அமைப்பை உடலுக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்துகிறது. உடலும் அதற்கேற்ற எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. டெல்ட்டாவிலோ முள்ளின் சில இடங்கள் மாறியிருந்தன. ஆகவே பழைய அமைப்பிற்கென உண்டான எதிர்ப்பொருள்களால் அதனை முன்போல் செவ்வனே தடுக்க இயலவில்லை. அன்றியும், எதிர்ப்பொருளின் அளவு மாதங்கள் செல்லச் செல்லக் குறைவது இயல்பு. ஆல்ஃபா வகை பரவிய காலத்தில் இஸ்ரேல் நாட்டு மருத்துவமனை ஒன்றின் ஊழியரை ஆராய்ந்தபோது, தொற்றுற்றோரிடம் எதிர்ப்பொருளின் அளவு மற்றவரிடம் இருந்ததைவிடக் குறைவாகவே காணப்பட்டது.

எனினும் உடலின் காவல் எதிர்ப்பொருளோடு முடிந்துவிடுவதில்லை. இரத்த வெள்ளணுக்களில் 'பி' அணுக்கள் சில, கிருமியை நினைவில் வைத்திருந்து, அது மீண்டும் வருங்கால் புதிய எதிர்ப்பொருளை விரைந்து உண்டாக்குகின்றன. 'டி' அணுக்களோ புரதத்தின் பல பகுதிகளை அடையாளம் காண்பவை. ஆதலின் சில இடங்கள் மாறினும் அவை ஏமாறுவது குறைவு. தொற்று நுழைவதை இவற்றால் எப்போதும் தடுக்க முடியாது. ஆனால் நோய் முற்றுவதைத் தடுக்க இவை பெரிதும் உதவுகின்றன.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வெளியிட்ட கணக்கு இதனை விளக்கும். இரண்டாம் அலையின்போது அங்கு இரு தவணை ஊசியும் பெற்றோரில் 679 பேருக்கும், ஊசி பெறாதோரில் 438 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. இவ்விரு எண்களை மட்டும் நோக்குவோர் ஊசியே தீங்கென முடிவு செய்யக்கூடும். ஆனால் முன்னவர் 7,080 பேர். பின்னவர் 1,609 பேர். எனவே ஊசி பெற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவும், பெறாதோரில் நூற்றுக்கு 27 பேருக்கும் தொற்று நேர்ந்ததென்பதே உண்மை. தொற்றினின்று கிடைத்த பாதுகாப்பு சுமார் 65 சதவீதம். மருத்துவமனையில் சேரவேண்டிய நிலையினின்று 77 சதவீதம். பிராணவாயு தேவைப்படும் நிலையினின்று 92 சதவீதம். நோய் கடுமையாகுந்தோறும் பாதுகாப்பு உயர்ந்திருப்பதைக் காண்க. இத்தகைய கணக்கை மாணவரைக் கொண்டே கரும்பலகையில் போட்டுப் பார்க்கச் செய்வது நலம்.

ஊசி பெற்றவரும் தொற்றுற்றால் பிறருக்கு அதனைப் பரப்பக்கூடும். ஆதலின் நோயாளியருகே பணிபுரிவோர் முகக்கவசத்தைக் கைவிடலாகாது. குறைந்த எதிர்ப்பொருளை மீண்டும் உயர்த்தும் பொருட்டே 2022 ஜனவரி 10 முதல் மருத்துவ ஊழியர் முதலியோருக்கு முன்னெச்சரிக்கைத் தவணை இடப்பட்டது.

"ஊசி போட்டால் நோய் வரவே வராது" என்று நாம் மக்களிடம் வாக்களித்தல் கூடாது. அவ்வாறு கூறின், முதற் காய்ச்சலிலேயே நம் சொல்லும் ஊசியும் ஒருங்கே மதிப்பிழக்கும். "வந்தாலும் உயிருக்கு ஆபத்து நேரும் வாய்ப்பு மிகக் குறையும்" என்பதே மெய்யான விடை. அதுவே போதுமான விடையுமாகும்.