வளை வாசலைப் படிக்கத் தெரிந்தவர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. அந்த வளாகத்திலேயே மண்பானைகளை வரிசையாக அடுக்கிய ஓர் இடம் உண்டு. பானைகளின் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். உள்ளே நாகமோ கண்ணாடி விரியனோ சுருண்டு கிடக்கும். இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பவர்கள், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சமவெளியில் வாழும் இருளர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர்கள் சுமார் 1,90,000 பேர். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் வாழ்பவர்களுக்குத் தமிழுக்கு நெருக்கமான தனி மொழி இருக்கிறது. கடற்கரைச் சமவெளி இருளர்கள் பேசுவது தமிழ்தான். வயல்வரப்பு, முட்புதர், ஏரிக்கரை என்று சுற்றிச் சுற்றியே இவர்களுடைய அறிவு வளர்ந்திருக்கிறது.

பாம்பு பிடிக்கும் இருளரின் கையில் கடப்பாரையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. வேலையில் முக்கால் பங்கு கண்ணுக்குத்தான். எலி வளையின் வாசலில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். சிலந்தி வலை பின்னியிருந்தால் அண்மையில் எதுவும் அந்த வழியாகப் போகவில்லை. மண் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று அடிக்கடி ஊர்ந்து போய் வருகிறது. பக்கத்தில் கிடக்கும் எச்சம், முள்ளில் மாட்டிய பாம்புச் சட்டைத் துணுக்கு, புழுதியில் இலேசாக விழுந்த கோடு எல்லாமே அவருக்குத் தடயம். உள்ளே இருப்பது என்ன பாம்பு, எவ்வளவு பெரிது என்பதைத் தோண்டும் முன்பே ஊகித்துவிடுவார்.

எலியைத் தேடிப் பாம்பு போகும். இருளர் இரண்டையும் தேடிப் போவார். எலி பிடிக்க அவர்கள் கையாளும் கருவி எளிமையானது. பானையின் அடியில் ஒரு துளை போடுவார்கள். வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானையின் வாயை வளையோடு பொருத்தி, துளை வழியாக ஊதுவார்கள். மற்ற வாசல்களை முன்பே அடைத்திருப்பதால் புகை முழுவதும் உள்ளே இறங்கும். பிறகு தோண்டினால் எலியும் கிடைக்கும், அது திருடிப் பதுக்கிய நெல்லும் கிடைக்கும். உழவருக்குப் பயிர் மிஞ்சும், இருளருக்கு உணவு மிஞ்சும்.

ஒரு காலத்தில் பாம்புத் தோல்தான் இவர்களுக்கு முக்கிய வருமானம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையடுத்துத் தோல் வணிகம் முடங்கியது, பிழைப்பும் போனது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கொன்று தோலை விற்ற அதே திறமை, பாம்பை உயிரோடு வைத்து நஞ்சு எடுக்கும் தொழிலாக மாறியது.

சங்கம் பிடிப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளை. முதல் இரண்டின் நஞ்சு பெரும்பாலும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். மற்ற இரண்டின் நஞ்சு இரத்தம் உறையும் ஒழுங்கையே குலைத்துவிடும். தலையைப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வைக் கடிக்க வைத்தால் நஞ்சு சொட்டும். சில வார இடைவெளிக்குள் நான்கு முறை எடுத்தபின் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதற்குமுன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வைப்பார்கள். அந்தப் பாம்பு மறுபடி கையில் சிக்கினால் தெரிந்துவிடும்.

எடுத்த நஞ்சை உறையவைத்து, ஈரத்தை நீக்கித் தூளாக்குகிறார்கள். மருந்து நிறுவனங்கள் அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஊசி மூலம் செலுத்துகின்றன. குதிரையின் இரத்தத்தில் நஞ்சைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது உடலே தயாரிக்கும் காவல் புரதங்கள், பெருகுகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்தால் நஞ்சுமுறி மருந்து தயார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாளொன்றுக்கு மூன்று அரசுப் பேருந்துகளின் இருக்கைகள் நிறையும் கூட்டம் அது. இந்த மருந்து இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் எங்கோ போயிருக்கும்.

தடயம் படிக்கும் இருளரின் கண் வேற்று மண்ணிலும் பலித்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற உயிரினங்களை அழித்து வந்தன. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களை அங்கே அழைத்தார்கள். தொழில்முறை வேட்டைக்காரர்களே திணறிய சதுப்பில் இவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரைக்குப் போனால் இவர்களுடைய இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். பல மாவட்ட இருளர்கள் முந்தின நாளே வந்து மணலில் சேலைக் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானம் செய்து அழைத்துவருவது இந்த விழாவின் நோக்கம். விடியும்போது ஈர மணலில் படி கட்டி, பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பதும், கல்யாணமும், காதுகுத்தும் அங்கேயே நடக்கின்றன. சிதறி வாழும் சமூகம் ஒன்றுகூட அந்த ஒரு பௌர்ணமி போதுமானதாக இருக்கிறது.

அறிவியல் அண்மையில் இன்னொரு விஷயத்தையும் கண்டுகொண்டது. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட ஊருக்கு ஊர் மாறுகிறது. அதனால் தமிழகத்து நஞ்சில் செய்த மருந்து வேறு சில மாநிலங்களின் பாம்புக்கடிக்கு முழு வீச்சில் வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தந்த வட்டாரப் பாம்புகளிலிருந்தும் நஞ்சு எடுத்தாக வேண்டும். அதைக் கற்றுத்தர இருளர்களைவிடத் தேர்ந்த ஆசிரியர்கள் இந்த நாட்டில் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதோடு, இந்த அறிவுக்கு ஆசிரியருக்குரிய மதிப்பும் சம்பளமும் தர அரசு முன்வர வேண்டும்.