சும்மா கிடைக்கும் சண்டை!

காசிமேடு மீன்பிடி துறைமுகம் பக்கம் ஒரு நாள் மாலை போய் இருந்தேன். மரத்தடியில் நாலு பையன்கள். பேச்சு மூச்சு இல்லை. எல்லோர் கையிலும் செல்போன். திடீர் என்று ஒருவன், "டேய், சுடுடா! பின்னாடி நிக்கிறான்!" என்று அலறினான். பதறிப்போய் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பூனைதான் நின்றது!

வலை பின்னிக்கொண்டு இருந்த பெரியவர் சிரித்தார். "இத்த சும்மா குடுக்குறானாமே, அவனுக்கு இன்னா சார் லாபம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி!

துவைக்க முடியாத சட்டை

1972-ல் அமெரிக்காவில் "பாங்" என்ற விளையாட்டு வந்தது. திரையில் ஒரு புள்ளி. அதை இரண்டு கோடுகள் தட்டும். அவ்வளவுதான்! எந்திரத்தில் காசு போட்டால்தான் ஆடலாம். பிறகு, டெலிவிஷனில் மாட்டி ஆடும் பெட்டிகள் வந்தன. நம் பர்மா பஜாரிலும் விற்றார்கள்.

இப்போது முதலில் காசு கேட்பது இல்லை. உள்ளே வரவிட்டு, பிறகு கடை விரிக்கிறார்கள். வீரனுக்குப் புதுச் சட்டையா? பணம்! துப்பாக்கிக்கு வர்ணமா? பணம்! அந்தச் சட்டையைத் துவைக்க முடியாது. தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. ஆனாலும் வாங்குகிறார்கள்! நூறு பேரில் சிலர் வாங்கினாலே வியாபாரம் ஓடிவிடும்.

"பப்ஜி" விளையாட்டை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2021-ல் அது வேறு பெயரில் வந்தது. 2022-ல் அதையும் நிறுத்தினார்கள். 2023-ல் திரும்பவும் வந்துவிட்டது!

வீட்டுக்குள் வந்த சீட்டு

சண்டை விளையாட்டாவது பரவாயில்லை. ஆன்லைன் ரம்மி பல குடும்பங்களை அழித்தது. சீட்டுக் கிளப்புக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். இது போர்வைக்குள்ளேயே நடந்தது. மனைவிக்கே தெரியாது! கடன் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு.

ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் தமிழக அரசு குழு அமைத்தது. சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் சட்டம் ஆனது. ஆனால், ரம்மி திறமை விளையாட்டு என்று சொல்லி, அதற்கு இருந்த தடையை ஐகோர்ட்டு நவம்பரில் நீக்கியது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் புதுச் சட்டம் கொண்டு வந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. அதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

வட சென்னைக்கு விளையாட்டு புதிது அல்ல. தெருவுக்குத் தெரு கேரம் பலகை இருக்கும். ஆட்டோ டிரைவர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் 3 தங்கம் வென்றாரே!

"அப்போ போனைப் புடுங்கிடலாமா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"அய்யோ, வேணாம் சார்! காலைல அந்தப் போன்லதான் என் பேரன் வஞ்சிரத்தைப் படம் புடிச்சு அனுப்பி விக்கிறான். காசும் அதுலதான் வருது" என்றார். பிறகு மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"டேய்! அண்ணா நகர் அம்மா பணம் போட்டாங்களா, பாரு!"

பேரன் தலையைத் தூக்கவில்லை.

"இரு தாத்தா, சுட்டுட்டுப் பார்க்கிறேன்!"