ஆசான் போவாரோ, இருப்பாரோ?

ஆசான் என்னும் சொல்லை நாம் பழைய நூல்களில் கண்டு பழகியவர்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த அன்பர்களுக்கோ அது இன்னும் நெருங்கிய சொல். களரியில் அடிமுறை பயிற்றுபவரும், வர்மம் அறிந்து முறிந்த எலும்பைக் கட்டுபவரும் அங்கே ஆசான் என்றே அழைக்கப்பெறுவர். மலையாளத்திலும் அச்சொல் அதே மதிப்புடன் வழங்குகிறது. செர்பியா நாட்டிலிருந்து வந்த இவான் வுகோமனோவிச் என்னும் கால்பந்துப் பயிற்சியாளருக்குக் கேரள மக்கள் இப்பெயரைச் சூட்டினார்கள் என்றால், அவர்பால் வைத்த அன்புக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர் 2021-ஆம் ஆண்டு கேரள பிளாஸ்டர்ஸ் கழகத்திற்கு வந்தார். கழகம் தோன்றியது 2014-இல். இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயரும், ஒல்லாந்தரும், போர்ச்சுகீசியரும், ஸ்பானியரும் பயிற்சியாளராக வந்து போயினர். முழுதாக இரண்டு பருவம் தொடர்ந்து இருந்தவர் ஒருவருமில்லை. வாடகை வீட்டில் குடித்தனக்காரர் மாறுவதுபோல் மாறினர் என்று நம் நண்பர் ஒருவர் சொல்வதுண்டு. வுகோமனோவிச்சோ மூன்று பருவம் இருந்தார். மூன்றிலும் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 2022 மார்ச் 20-ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் ஐதராபாத் அணியுடன் ஒன்றுக்கு ஒன்று என நின்று, பெனால்டி உதைகளில் தோற்றது. கோப்பை வரவில்லை. ஆனால் ஆசான் வந்துவிட்டார் என்று மக்கள் மனம் தேறினர்.

அடுத்த ஆண்டு நேர்ந்ததை நம் வீட்டுப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச் 3-ஆம் நாள் பெங்களூரில் கூடுதல் நேர ஆட்டம். சுனில் சேத்ரி, எதிரணியினர் அணிவகுத்து நிற்குமுன்பே தனி உதையை அடித்துக் கோலாக்கிவிட்டார். நடுவரும் அதை ஏற்றார். வுகோமனோவிச் சினந்து தம் ஆட்டக்காரர்களைத் திடலைவிட்டு அழைத்துச் சென்றுவிட்டார். கால்பந்துச் சம்மேளனம் அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 இலட்சம் ரூபாய் அபராதமும், கழகத்திற்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. செய்தது முறையன்று என்பதே நம் கருத்து. நடுவர் தவறினாலும் ஆட்டத்தை முடித்துவிட்டு முறையிடுவதே விளையாட்டின் அறம். ஆனால் இரசிகர் கண்ணுக்கு அவர் தம் பிள்ளைகளுக்காகச் சண்டையிட்ட தகப்பனாகத் தோன்றினார். தடை முடிந்து 2023 அக்டோபர் 27-ஆம் நாள் கொச்சியில் அவர் திடலோரம் மீண்டும் நின்றபோது, ஒடிசா அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று அணியும் வரவேற்பளித்தது.

இத்தகையவர் போய்விடுவாரோ என்னும் பேச்சுத்தான் 2024-ஆம் ஆண்டின் முற்பகுதியில் எழுந்தது. ஒப்பந்தம் 2025 வரை இருந்தது. எனினும் காயங்களால் அணி தளர்ந்து, பருவத்தின் பிற்பாதியில் தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. வேறு கழகம் அழைக்கின்றதாம், ஐரோப்பாவுக்கே திரும்புகின்றாராம் என்று ஆளுக்கொரு செய்தி. சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறக்கும் நேரத்திலும், கரமனையில் மாலைத் தேநீர் வேளையிலும் இதே வாதம். 'மூன்றாண்டாகக் கோப்பை உண்டா?' என்பார் ஒருவர். 'முன்பு இறுதிச் சுற்றாவது உண்டா?' என்பார் மற்றவர். திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மஞ்சள் சட்டையணிந்து பகலில் இரயிலேறி, இரவு ஆட்டம் கண்டு, விடியலில் ஊர் திரும்பிய இளைஞர்களுக்கு இவ்வாதம் பொழுதுபோக்கன்று.

அவர்களுடைய அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டீவ் காப்பெல், 2016-இல் இவ்வணியை இறுதிப் போட்டிவரை கொண்டுவந்தவர். ரெடிங் கழகத்தை 2006-இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டிக்கு உயர்த்திய பெருமை அவருக்குண்டு, குரல் உயர்த்தாதவர். கொச்சியிலேயே நடந்த அந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தாவிடம் பெனால்டி உதைகளில் நான்குக்கு மூன்று எனத் தோல்வி. அடுத்த ஆண்டு அவர் புதிதாகத் தோன்றிய ஜாம்ஷெட்பூர் கழகத்திற்குச் சென்றார். துணைப் பயிற்சியாளர் இஷ்ஃபாக் அகமது உடன் சென்றார். மெக்தாப் ஹுசேனும், ஹெய்ட்டி நாட்டு பெல்ஃபோர்ட்டும் அவ்வணியிலேயே சேர்ந்தனர். 2017 நவம்பர் 24-ஆம் நாள் அதே கொச்சித் திடலுக்கு எதிரணியின் பயிற்சியாளராக வந்தார் காப்பெல். இரு பக்கமும் கோலின்றி ஆட்டம் முடிந்தது. தலைவன் போவது ஒரு துயரம். அவன் பின்னே வீடே காலியாவது மற்றொரு துயரம்.

நம் குடும்பங்களில் இவ்வாதம் இரு மடங்கு சூடேறுவதற்கு வேறு காரணமும் உண்டு. பிறந்து வளர்ந்த ஊர் இதுவாதலால் பிள்ளைகள் கேரள அணியின் பக்கம். தகப்பனாரும் தாய்மாமனும் சென்னையின் எஃப்.சி.யின் பக்கம். இவ்விரு அணிகளும் மோதும் நாளில் எந்த வீட்டில் அமைதி இருக்கும்? சென்னைக்காரரும் இந்நோவை அறிந்தவர்களே. ஸ்காட்லாந்தின் ஓவன் காயில் 2019 டிசம்பரில் வந்து, கீழே கிடந்த சென்னை அணியை 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிக்கு உயர்த்தினார். உடனே ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அங்கே 2022-இல் லீக் கேடயமும் வென்றார். (இருமுறையும் டாட்டா நகரமே நம்மவரைக் கவர்ந்ததை என்னென்பது!) 2023-இல் அவரே சென்னைக்குத் திரும்பி வந்தார். வந்தவரை வரவேற்பதா, 'அன்று ஏன் போனாய்?' என்று கேட்பதா என்று மாமனும் மருமகனும் உண்ணாமல் வாதிட்டதை நாம் அறிவோம்.

ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாமும் நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் கூடுதல் வருவாய் கருதி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தாமே? கணக்கெழுதும் ஒருவர் நல்ல சம்பளத்திற்கு அடுத்த கடைக்குப் போனால் அதைக் குற்றமென்போமா? பயிற்சியாளனுக்கும் குடும்பம் உண்டு. தோற்றால் முதலில் வெளியேற்றப்படுபவனும் அவனே. போவதில் பிழையில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனிடம் இந்நியாயம் செல்லாது. அவனுக்கு ஆசான் என்பவர் சம்பளக்காரர் அல்லர்.

முன்னாளில் இத்தொல்லை இத்தனை இல்லை. திருவிதாங்கூர் டைட்டானியம், திருவிதாங்கூர் வங்கி என்று அலுவலக அணிகள் விளையாடிய காலத்தில், ஆட்டக்காரன் ஊழியனாகவும் இருந்தான். மாத ஊதியம் அவனை ஊரோடு கட்டியது. 1973-இல் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியை மூன்றுக்கு இரண்டு என வென்று கேரளம் முதன்முதல் சந்தோஷ் கோப்பை பெற்றபோது, மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அவ்வணிக்குப் பயிற்சி தந்தவர் சைமன் சுந்தர்ராஜ் என்னும் தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்றவர் அவரே. மலையாளிகளுக்கு முதல் கோப்பை தேடித் தந்தவர் நம்மவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வாதங்கள் ஓய்வதற்குள் முடிவு வந்தது. 2024 ஏப்ரல் 19-ஆம் நாள் புவனேசுவரத்தில் ஒடிசாவிடம் தோற்றுப் பருவம் முடிந்தது. ஒரு வாரத்தில், 26-ஆம் நாள், இரு தரப்பும் இசைந்து பிரிவதாகக் கழகம் அறிவித்தது. பின்வந்த சுவீடன் நாட்டு மிக்கேல் ஸ்டாரே அவ்வாண்டு டிசம்பரிலேயே விலக்கப்பட்டார். 2025 மார்ச்சில் ஸ்பெயினின் டேவிட் கட்டாலா நியமனமானார்.

இதற்கிடையே 2024-இல் கேரள சூப்பர் லீக் தொடங்கி, நம் நகருக்கே கொம்பன்ஸ் என்ற அணி அமைந்தது. பாளையத்தை அடுத்த சந்திரசேகரன் நாயர் அரங்கில் ஆட்டம். கொச்சிக்கு இரயிலேற வேண்டியதில்லை. முதற்பருவத்தில் அதற்குப் பயிற்சியாளராக வந்தவர் பிரேசில் நாட்டு செர்ஜியோ அலெக்சாந்திரே. அப்பருவம் முடிந்ததும், இவர் இருப்பாரா போவாரா என்ற பேச்சு சாலைத் தெருவில் தொடங்கிவிட்டது.